செம்பெயர்ச்சி 2 உள்ள கேலக்ஸி விலகும் வேகம் என்ன? ஒளியைவிட வேகம் என்றால் அதன் ஒளி நம்மிடம் எப்படி வருகிறது?

கிழக்குவானம் கேட்டது:

வணக்கம். செம்பெயர்ச்சி (ஒளியின் அலைநீளம் எவ்வளவு கூடியது என்பது, கிளம்பிய அலைநீளத்தின் மடங்கில்) 2 உள்ள ஒரு கேலக்ஸி. ஹைட்ரஜனின் லைமன்-ஆல்பா கோடு அங்கே 121.6 நானோமீட்டரில் கிளம்புகிறது, நம் நிறமாலைமானியில் 364.8 நானோமீட்டரில் விழுகிறது. அலைநீளம் மூன்று மடங்கு. இதுவரை குழப்பம் இல்லை.

விலகும் வேகத்தைக் கணக்குப் போடும்போதுதான் சிக்கல். பள்ளிப் பாடத்தில் வரும் "வேகம் = ஒளிவேகம் × செம்பெயர்ச்சி" என்று போட்டால் ஒளிவேகத்தைப்போல் 2 மடங்கு வருகிறது. சிறப்புச் சார்பியலின் டாப்ளர் சூத்திரத்தில் போட்டால் (9−1)/(9+1) = 0.8 மடங்கு. இணையக் கணிப்பான் ஒன்று தொலைவை 1,730 கோடி ஒளியாண்டு என்கிறது. அதை ஹபிள் மாறிலியால் (இவ்வளவு தொலைவுக்கு இவ்வளவு விலகும் வேகம் என்று சொல்லும் எண்) பெருக்கினால் 1.19 மடங்கு.

1. மூன்றில் எது சரி?
2. 1.19 சரி என்றால் அது ஒளிவேகத்துக்கு மேல். நம்மைவிட்டு ஒளியைவிட வேகமாக ஓடும் ஒன்றின் ஒளி நம்மிடம் எப்படி வந்து சேர்கிறது?
3. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. தொலைவு மட்டும் எப்படி 1,730 கோடி ஒளியாண்டு ஆகும்?

---

நிறமாலை பதில்:

1.19தான் சரி. அதை எப்படிப் பெறுவது என்று முழுதாகக் காட்டுகிறேன். ஒரு கால்குலேட்டர் போதும்.

பிளாங்க் விண்கலம் தந்த மதிப்புகளை எடுத்துக்கொள்வோம்: ஹபிள் மாறிலி 67.4 (மெகாபார்செக் என்பது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு; அப்படி ஒரு மெகாபார்செக்குக்கு வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர்), பருப்பொருளின் பங்கு 0.315, இருண்ட ஆற்றலின் (விரிவை வேகப்படுத்துவது) பங்கு 0.685. கதிர்வீச்சின் பங்கு இந்தக் கணக்குக்குப் பொருட்டில்லை, விட்டுவிடலாம்.

முதல் படி. ஒவ்வொரு செம்பெயர்ச்சியிலும் விரிவு விகிதம் இன்றைப்போல் எத்தனை மடங்கு இருந்தது என்று பார்க்கவேண்டும்:

மடங்கு = √[0.315 × (1 + செம்பெயர்ச்சி)³ + 0.685]

0-ல் 1, 0.5-ல் 1.322, 1-ல் 1.790, 1.5-ல் 2.368, 2-ல் 3.032.

இரண்டாம் படி. இவற்றைத் தலைகீழாக்குங்கள்: 1, 0.7563, 0.5586, 0.4223, 0.3299.

மூன்றாம் படி. சிம்ப்சன் விதிப்படி (வளைவின் கீழுள்ள பரப்பைச் சில புள்ளிகளை வைத்துக் கணக்கிடும் முறை) கூட்டுங்கள்:

(0.5 ÷ 3) × [1 + 4 × (0.7563 + 0.4223) + 2 × 0.5586 + 0.3299] = 1.19

அவ்வளவுதான். பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. இந்த 1.19 என்ற எண்ணே விலகும் வேகம், ஒளிவேகத்தின் மடங்கில். தொலைவு வேண்டுமென்றால் இதை ஹபிள் ஆரத்தால் (ஒளிவேகம் ÷ ஹபிள் மாறிலி = 4,448 மெகாபார்செக் = 1,451 கோடி ஒளியாண்டு) பெருக்கவேண்டும். 1,730 கோடி ஒளியாண்டு வரும். வேகத்துக்காக அதை மறுபடி ஹபிள் மாறிலியால் பெருக்கும்போது, முதலில் வகுத்த அதே மாறிலி அடிபட்டுப்போகிறது. ஆகவே ஹபிள் மாறிலி 67-ஆ 73-ஆ என்று இன்று நடக்கும் வாதம் தொலைவைப் பாதிக்கும், இந்த வேகத்தைப் பாதிக்காது.

மற்ற இரண்டும் ஏன் பிழை? "ஒளிவேகம் × செம்பெயர்ச்சி" என்பது செம்பெயர்ச்சி மிகச் சிறிதாக, 0.1-க்கும் கீழே இருக்கும்போது மட்டும் பொருந்தும் தோராயம். 0.8 தரும் சூத்திரம் விரிவே இல்லாத தட்டையான காலவெளிக்கு உரியது.

இன்னும் இரண்டு தவறுகளும் அடிக்கடி நடக்கும். ஒளி பயணம் செய்த காலத்தை (1,052 கோடி ஆண்டு) அப்படியே தொலைவாக எடுத்து ஹபிள் மாறிலியால் பெருக்கினால் 0.73 வரும். பிரகாசத்தை வைத்துக் கணக்கிட்ட தொலைவை எடுத்தால், அது உண்மைத் தொலைவைப்போல் (1 + செம்பெயர்ச்சி) மடங்கு, இங்கே 3 மடங்கு இருக்கும். அதை வைத்துப் பெருக்கினால் 3.6 வந்து நிற்கும். கணிப்பானில் நான்கு விதத் தொலைவுகள் வரிசையாக வரும். ஹபிள் விதியில் போடவேண்டியது "உடன்நகர் தொலைவு", அதாவது கேலக்ஸி இன்று இருக்கும் தொலைவு, என்ற ஒன்றை மட்டும்தான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒளி கிளம்பியபோது அந்தக் கேலக்ஸி நம்மிடமிருந்து 1,730 ÷ 3 = 577 கோடி ஒளியாண்டில்தான் இருந்தது. ஒளி 1,052 கோடி ஆண்டு பயணம் செய்தது. அதற்குள் கேலக்ஸி 1,730 கோடிக்குப் போய்விட்டது. மூன்றும் மூன்று தனித்தனி எண்கள், மூன்றும் சரி.

---

ஈர்ப்பலை பதில்:

நிறமாலை சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை. டாப்ளர் சூத்திரத்தை ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம். ஒளி வரும் பாதை நெடுக, பக்கத்துப் பக்கத்தில் ஆட்களை நிறுத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரின் சிறு வேகத்தை மட்டும் அளந்து, அந்தச் சிறு டாப்ளர் பெயர்ச்சிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால் சரியாக 3 மடங்கு அலைநீளம் வந்துவிடும். பிழை எங்கே வருகிறது என்றால், இடையில் இருப்பவர்களை விட்டுவிட்டு இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரே சூத்திரத்தை நீட்டும்போது.

சார்பியல் மீறப்படவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். ஒளிவேகத் தடை என்பது ஒரே இடத்தில் ஒன்றையொன்று கடக்கும் பொருள்களுக்கு. அந்தக் கேலக்ஸியின் பக்கத்தில் ஒரு ஒளிக்கதிரை ஓடவிட்டால் ஒளிதான் முந்தும், எப்போதும். 1,730 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒன்றின் வேகத்தை இங்குள்ள அளவுகோலோடு நேரடியாக ஒப்பிட வளைந்த காலவெளியில் ஒரே ஒரு வழி என்று கிடையாது. "1.19" என்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள தொலைவு வளரும் விகிதம்.

---

பொத்தான்பெட்டி பதில்:

இரண்டாவது கேள்விக்கு வருவோம், முக்கியமானது அதுதான். கையால் செய்து பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்கலாம்.

தையல் கடையில் கிடைக்கும் அரை அங்குல இடுப்பு இலாஸ்டிக் 30 செ.மீ. வாங்குங்கள். 3 செ.மீ.க்கு ஒன்றாகச் சட்டைப் பொத்தான் தையுங்கள், மொத்தம் 11 வரும். பேனாவால் புள்ளி வைக்கவேண்டாம். இழுக்கும்போது மைப்புள்ளியும் சேர்ந்து நீளும், கேலக்ஸிகளும் வீங்குகின்றன என்ற தப்பான எண்ணம் வந்துவிடும். பொத்தான் நீளாது. கேலக்ஸியும் அப்படித்தான், தன் ஈர்ப்பால் கட்டுண்டு கிடக்கிறது. பொத்தானை நடுவில் ஒரே இடத்தில் மட்டும் தையுங்கள். அகலமாகத் தைத்தால் அந்த இடத்தில் இலாஸ்டிக் நீளாமல் போய் அளவு கோணலாகும்.

ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை 3 வினாடியில் 45 செ.மீ.க்கு இழுங்கள். முதல் முனைக்கு அடுத்த பொத்தான் 1.5 செ.மீ. நகரும், கடைசிப் பொத்தான் 15 செ.மீ. நகரும். பத்து மடங்கு தொலைவுக்குப் பத்து மடங்கு வேகம். ஹபிள் விதி இதுதான். எந்தப் பொத்தானில் உட்கார்ந்து பார்த்தாலும் இதே கணக்குத்தான் வரும், நடு என்று ஒன்று இல்லை.

இப்போது அளவில்லாமல் நீளும் கயிறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் 30 செ.மீ. ஒரு முனை சுவரில் கட்டியிருக்கிறது, மறுமுனை வினாடிக்கு 2 செ.மீ. சீராக ஓடுகிறது. ஓடும் முனையிலிருந்து ஓர் எறும்பு சுவரைப் பார்த்து வினாடிக்கு 1 செ.மீ. நடக்கிறது. அது நிற்கும் இடம் எறும்பின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் பின்னால் ஓடுகிறது. சேருமா?

சேரும். முதலில் எறும்பு சுவரிலிருந்து விலகித்தான் போகும். 26-வது வினாடியில் சுவரிலிருந்து 40.8 செ.மீ. தள்ளி ஒரு கணம் நிற்கும். பிறகு திரும்பும். 96-வது வினாடியில் சுவரைத் தொடும், அப்போது கயிறு 222 செ.மீ. நீளம். எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள், இங்கே கயிறும் தீர்கிறது. எறும்பு நகரும் ஒவ்வொரு அடிக்கும், பின்னால் விட்ட கயிற்றின் பங்கு கூடிக்கொண்டே போகிறது, முன்னால் உள்ள பங்கு குறைகிறது. முன்னால் உள்ள பங்கு பாதியானதும், அந்த இடத்தில் கயிற்றின் வேகம் சரியாக 1 செ.மீ. ஆகிவிடுகிறது. அங்கிருந்துதான் எறும்பின் பக்கம் வெற்றி.

இதே மாதிரிக் கணக்கை உங்கள் கேலக்ஸிக்குப் போட்டால்: ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது 327 கோடி ஆண்டு. அப்போதும் கேலக்ஸி 1.21 மடங்கில் விலகிக்கொண்டிருந்தது. ஒளி நம்மை நோக்கி வந்தும், முதல் 77 கோடி ஆண்டுகள் நம்மிடமிருந்து விலகியே போனது, 577 கோடி ஒளியாண்டிலிருந்து சுமார் 585 கோடி வரை. அங்கே திரும்பி, பிறகு நெருங்க ஆரம்பித்தது. இன்று நிறமாலைமானியில் விழுகிற அந்த 364.8 நானோமீட்டர் ஒளித்துகள் ஒவ்வொன்றும் இப்படிப் பின்வாங்கி வந்ததுதான். எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றுகிறது.

---

கிழக்குவானம்:

எறும்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 95.8 வினாடி வருகிறது. ரொம்ப நன்றி. ஆனால் 1998-ல் பிரபஞ்சம் முடுக்கத்தோடு விரிகிறது என்று கண்டுபிடித்தார்களே. கயிறு சீராக நீளவில்லை, வேகம் பிடித்து நீள்கிறது. அப்படியானால் எறும்பு சேராதுதானே? ஹபிள் மாறிலியும் ஏறிக்கொண்டு போகவேண்டுமே?

---

நிறமாலை:

ஹபிள் மாறிலி ஏறவில்லை, இறங்குகிறது. இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முடுக்கம் என்றால், குறிப்பிட்ட ஒரு கேலக்ஸியின் விலகும் வேகம் காலப்போக்கில் கூடுகிறது என்று பொருள். ஹபிள் மாறிலி என்பது வேகத்தைத் தொலைவால் வகுத்தது. வேகம் கூடுவதைவிடத் தொலைவு விரைவாகக் கூடினால் ஈவு குறையும். நம் பிரபஞ்சத்தில் அப்படித்தான் நடக்கிறது. முடுக்கம் தொடங்கிச் சுமார் 600 கோடி ஆண்டு ஆகிறது, அந்தக் காலம் முழுவதும் ஹபிள் மாறிலி இறங்கித்தான் வந்திருக்கிறது. இனியும் இறங்கி, 67.4 × √0.685 = 55.8 என்ற எண்ணை நெருங்கி அங்கே நிலைக்கும்.

விலகும் வேகம் சரியாக ஒளிவேகமாக இருக்கும் தொலைவை ஹபிள் ஆரம் என்கிறோம். மாறிலி இறங்கினால் ஆரம் வளரும். உங்கள் கேலக்ஸியிலிருந்து ஒளி கிளம்பியபோது அது 479 கோடி ஒளியாண்டு, ஒளி இருந்ததோ 577-ல், அதாவது வெளியே. வயது சுமார் 405 கோடி ஆண்டு ஆனபோது ஆரம் 585-ஐ எட்டி அந்த ஒளியை உள்ளே வாங்கிக்கொண்டது. ஹபிள் ஆரத்தை ஒரு சுவர்போல நினைப்பதுதான் பெரும்பாலான கட்டுரைகளில் வரும் பிழை. அது நகரும் கோடு, ஒளி அதைத் தாண்டி உள்ளே வரலாம்.

---

பொத்தான்பெட்டி:

நீங்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் கடைசியில் கயிறு வேறு மாதிரி நீளப்போகிறது. மாறிலி 55.8-ல் நிலைத்துவிட்டால் பெருக்கம் வட்டிக்கு வட்டி போல. அந்தக் கயிற்றையும் பாருங்கள்: ஒவ்வொரு இடமும் சுவரிலிருந்து உள்ள தொலைவில் 15-ல் ஒரு பங்கு வேகத்தில் விலகுகிறது என்று வையுங்கள். எறும்பின் வேகம் அதே 1 செ.மீ. இப்போது 15 செ.மீ. என்பது நகராத கோடு. 14 செ.மீ.யில் கிளம்பிய எறும்பு வந்து சேரும். 16 செ.மீ.யில் கிளம்பியது எத்தனை கோடி ஆண்டு நடந்தாலும் சேராது. இதைத்தான் நிகழ்வு எல்லை என்கிறோம்.

நம் பிரபஞ்சத்தில் இரண்டு விதமும் கலந்திருக்கிறது. அதனால் இன்றைய நிகழ்வு எல்லை ஹபிள் ஆரத்தைவிடச் சற்று வெளியே, சுமார் 1,670 கோடி ஒளியாண்டில் இருக்கிறது. மூன்று கேலக்ஸிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பளிச்சென்று புரியும்:

செம்பெயர்ச்சி 1: விலகும் வேகம் ஒளிவேகத்துக்குக் கீழே. இன்று கிளம்பும் ஒளி வரும்.

செம்பெயர்ச்சி 1.6: இன்று 1,520 கோடி ஒளியாண்டில், 1.05 மடங்கில் விலகுகிறது. ஒளியைவிட வேகம்தான், ஆனால் இன்று அங்கிருந்து கிளம்பும் ஒளியும் ஒருநாள் இங்கே வரும்.

செம்பெயர்ச்சி 2: 1,730 கோடியில், எல்லைக்கு அப்பால். பழைய ஒளி வந்துகொண்டிருக்கிறது, இன்று கிளம்புவது ஒருபோதும் வராது.

ஆகவே "ஒளியைவிட வேகமாக விலகினால் தெரியாது" என்ற வாக்கியமே தவறு. பிரிக்கும் கோடு ஒளிவேகத்தில் இல்லை, செம்பெயர்ச்சி 1.87-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேலுள்ளவை திடீரென்று அணைந்துபோகவும் மாட்டா. ஒளி மேலும் மேலும் சிவந்து, அங்கே ஒரு நாளில் நடப்பது இங்கே ஆண்டுக்கணக்கில் நீண்டு, மங்கி மறையும்.

இதைவிடத் தீவிரமான உதாரணமும் உண்டு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 கேலக்ஸிக்குச் செம்பெயர்ச்சி 14.18. மேலே உள்ள முறையிலேயே போட்டால் இன்று 2.3 மடங்கு, ஒளி கிளம்பியபோது 5 மடங்கு. ஆனால் அந்தத் தொகையீட்டை 4 துண்டில் போடாதீர்கள். ஆரம்பத்தில் வளைவு செங்குத்தாக விழுவதால் சிம்ப்சன் விதி பெரிய பிழை தரும். 0-விலிருந்து 2 வரை தனியாக, 2-லிருந்து 14.18 வரை குறைந்தது 12 துண்டாகப் பிரித்துப் போடுங்கள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தால், வானியல் கணக்குகளுக்கான ஆஸ்ட்ரோபை நூலகத்தில் ஒரே வரியில் முடியும்.

---

வடமுனை கேட்டது:

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். செம்பெயர்ச்சி விரிவால்தான் வருகிறது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? நெடுந்தூரம் வந்த ஒளி களைத்துச் சிவக்கிறது என்று வைத்துக்கொண்டால் இந்த வேகச் சிக்கலே இல்லையே.

---

ஈர்ப்பலை:

அந்தக் கருத்து 1929-லேயே, ஹபிள் தம் முடிவை வெளியிட்ட அதே ஆண்டில், வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி முன்வைத்தது. அதை மடக்கியது முதலாம்-ஏ வகை சூப்பர்நோவாக்கள், அதாவது ஏறக்குறைய ஒரே விதமாக வெடித்து மங்கும் விண்மீன்கள். ஒளி களைத்தது என்றால் நிறம் மட்டும்தான் மாறவேண்டும், நேரம் மாறக்கூடாது. ஆனால் பக்கத்துச் சூப்பர்நோவா 20 நாளில் மங்குகிற அளவுக்கு மங்க, செம்பெயர்ச்சி 1-ல் உள்ளது 40 நாள் எடுக்கிறது. அதாவது சரியாக (1 + செம்பெயர்ச்சி) மடங்கு. அலைநீளம் நீண்ட அதே அளவுக்கு நிகழ்ச்சியும் நீள்கிறது. விரிவில் இது தானாக வரும், களைப்பில் வராது.

---

கிழக்குவானம்:

கடைசியாக ஒன்று. வெளி விரிவதற்குத் தடை இல்லை என்றால், அதையே பயன்படுத்தி ஒரு கலம் ஒளியைவிட வேகமாகப் போகமுடியாதா? ஆண்ட்ரோமெடாவுக்காவது?

---

ஈர்ப்பலை:

பிரபஞ்ச விரிவு இதற்கு உதவாது. அது எல்லாத் திசையிலும் தள்ளுகிறது, எந்த இடத்தையும் கிட்டக் கொண்டுவருவதில்லை. ஆண்ட்ரோமெடா நம்மோடு ஈர்ப்பால் கட்டுண்டது, நம்மை நோக்கித்தான் வருகிறது. அதன் நிறமாலை நீலப்பக்கம் பெயர்ந்திருக்கிறது.

விரிவைச் செயற்கையாக உண்டாக்கும் வழியை இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே 1994-ல் எழுதினார். கலத்துக்கு முன்னால் வெளி சுருங்கவேண்டும், பின்னால் விரியவேண்டும், நடுவில் தட்டையான ஒரு குமிழி, அதற்குள் கலம் அசையாமல் மிதக்கும். ஐன்ஸ்டைன் சமன்பாடுகளில் இது பொருந்துகிறது. இரண்டு இடத்தில் உடைகிறது. குமிழியின் சுவரில் எதிர்மறை ஆற்றல் அடர்த்தி தேவை. காசிமிர் விளைவில் இரு தகடுகளுக்கு நடுவே நுண்ணளவில் அப்படி ஒன்று கிடைக்கிறது, ஆனால் கலத்தைச் சுமக்கும் அளவுக்குத் திரட்ட வழி யாருக்கும் தெரியாது. இன்னொன்று இதைவிட ஆழமானது. குமிழி ஒளிவேகத்தைத் தாண்டிவிட்டால், உள்ளிருந்து அனுப்பும் எந்தச் சைகையும் முன்சுவரை எட்டாது. நிறுத்தவோ திருப்பவோ உள்ளே இருப்பவர்களால் முடியாது. வழியெங்கும் முன்கூட்டியே, ஒளிவேகத்துக்குக் கீழே போய், கருவிகளை நட்டுவைத்திருக்க வேண்டும்.

ஒளிவேகத்தைத் தாண்டாமலே ஆண்ட்ரோமெடாவை ஒரு வாழ்நாளில் எட்டலாம், அதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். பூமியின் ஈர்ப்பு அளவுக்கு, வினாடிக்கு வினாடி 9.81 மீட்டர் முடுக்கம், பாதி வழி வேகம் கூட்ட முன்னோக்கி, மீதிப் பாதி வேகம் குறைக்கப் பின்னோக்கி. 25 லட்சம் ஒளியாண்டு. கலத்தில் உள்ளவர்களின் கடிகாரத்தில் 28.6 ஆண்டு. பூமியில் 25 லட்சம் ஆண்டு ஓடியிருக்கும்.

எரிபொருள்தான் இடிக்கிறது. எரிபொருளின் நிறை முழுவதையும் ஒளியாக்கிப் பின்னால் உமிழும், இதைவிடத் திறமையாக இருக்கவே முடியாத ராக்கெட் என்று வைத்தாலும், போய்ச்சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் கிளம்பும்போது சுமார் 670 கோடி டன் இருக்கவேண்டும். வழியில் நிற்கும் ஹைட்ரஜன் அணுக்கள் கலத்தின் முகப்பில் கடும் கதிர்வீச்சாக மோதுவதைத் தடுக்கும் கவசத்தின் எடை இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.